புகலிடமும் நன்றிக்கடனும்

வளர்ந்த பூனையொன்றைப் புதிதாக வீட்டுக்குக் கொண்டுவந்தவர்களிடம் ஒரு முறைப்பாட்டை அடிக்கடி கேட்கலாம். “மூன்று நாளாகச் சோறு வைக்கிறேன். கட்டிலுக்கடியை விட்டு அசைய மாட்டேன் என்கிறது. கையை நீட்டினால் சீறுகிறது. நன்றிகெட்ட ஜென்மம்!” இக்கடைசிச் சொற்களில் ஒரு நீதித் தீர்ப்பே அடங்கியிருக்கிறது. புகலிடம் கொடுத்தவன் நன்றியைப் பெற உரித்துடையவன், அதைத் தராத ஜீவன் குற்றவாளி என்பதே அத்தீர்ப்பு. இது நியாயமானதுதானா?

சம்பளப் பிரச்சினையும் வீட்டுப் பிரச்சினையும் தீராத மலைநாட்டில் பூனையைப் பற்றிப் பேசுவது வீண்வேலை என்று நண்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். அவர்களுக்கு ஒன்று சொல்வோம். எதிர்த்துக் கேட்கவும், சங்கம் சேரவும், வழக்குரைக்கவும் இயலாத ஒரு ஜீவனிடம் நாம் நடந்துகொள்ளும் முறையில்தான் அதிகாரத்தைப் பற்றிய நமது உண்மையான அபிப்பிராயம் வெளிப்படுகிறது. மேடையில் பேசுவது எளிது. கதவைச் சாத்திய பின், நம்மிலும் எளிய ஓர் உயிரிடம் நாம் எவ்வாறு நடக்கிறோம் என்பதே சோதனை.

வட்டவளைக்கும் அட்டனுக்கும் இடையே, புகையிரதப் பாதையில் இருக்கிறது றொசல்ல. மழைக்கும் மூடுபனிக்கும் குறைவில்லாத இடம். இப்பகுதித் தோட்டங்களில் வளர்ந்த பூனையொன்று வீடிழப்பதற்குக் காரணங்கள் பல. லயத்தில் இருந்த குடும்பத்துக்குத் தனிவீடு கிடைக்கிறது. பிள்ளைகள் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட, தனித்திருந்த பாட்டி காலமாகிறாள். ஆசிரியருக்கு இடமாற்றம் வருகிறது. தட்டுமுட்டுச் சாமான்கள் லொறியில் ஏறுகின்றன. அந்நேரம் பூனை கூரையில் இருக்கும். அல்லது தேயிலைச் செடிகளுக்கிடையே எலிக்குக் காத்திருக்கும். லொறி போய்விடுகிறது.

ஆனால், லயத்துப் பூனை ஒரு குடும்பத்தின் சொத்து என்பதும் முழு உண்மையன்று. பழைய லயங்கள் பலவற்றில், சுவர்களுக்கு மேலே கைமரங்களின் வழியாக முதற் காம்பிராவிலிருந்து கடைசிக் காம்பிராவரை அதற்கு ஒரு தனிப்பாதை உண்டு. ஒரு வீட்டில் கருவாட்டுத் தலை கிடைக்கும். மறு வீட்டில் ரொட்டித் துண்டு கிடைக்கும். கோதுமை மா மூட்டையை எலியிடமிருந்து காப்பது அதன் உத்தியோகம். ஆகவே நாம் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, இப்பூனையை எடுத்துச் செல்லத்தான் வேண்டுமா என்பதே. அயலவர் சோறிட்டு வருவார்களாயின், அதை அங்கேயே விட்டு, அச்சோற்றுக்கு நாமும் பங்களிப்பது மேலான கருணையாக இருக்கலாம். கவனிப்பாரற்று அது மெலிகிறது, அல்லது லயமே வெறுமையாகிறது என்ற நிலையிலேதான் கூடையை எடுக்க வேண்டும். நமது மனத்திருப்திக்காக ஓர் உயிரை இடம்பெயர்ப்பது கருணையாகாது.

எடுத்துவந்த பின் நிகழ்வதை விளங்கிக்கொள்ளப் பூனையின் வரலாற்றைச் சற்றே அறிய வேண்டும். வீட்டுப் பூனையின் மூதாதை, ஆபிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழும் ஒருவகைக் காட்டுப்பூனை. அது தனித்து வேட்டையாடும் பிராணி. மனிதன் தானியத்தைச் சேமித்தான்; தானியத்தை நாடி எலி வந்தது; எலியை நாடிப் பூனை வந்தது. சைப்பிரஸ் தீவில், ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதப் புதைகுழியொன்றின் அருகே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை 2004இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். அத்தனை நீண்ட உறவு இது. எனினும் அது ஊழியனுக்கும் எசமானனுக்கும் இடையில் ஏற்பட்ட உறவன்று. இருவருக்கும் பயன் தந்த அயலுறவு. நாய்க்கு நன்றி உண்டு, பூனைக்கு இல்லை என்று நாம் சொல்வது ஒழுக்க வேறுபாட்டையன்று, வரலாற்று வேறுபாட்டையே. கூட்டமாக வாழ்ந்த ஓநாயின் வழித்தோன்றலாகிய நாய் தன் பாதுகாப்பைத் துணையிடம் தேடுகிறது. தனித்து வாழ்ந்த காட்டுப்பூனையின் வழித்தோன்றல் அதைப் பெரும்பாலும் இடத்திலே தேடுகிறது.

அந்த இடத்தை அது கண்ணால் மட்டுமன்றி மூக்காலும் அறிகிறது. கதவுநிலையில் கன்னத்தை உரசும்போது, கன்னத்துச் சுரப்பிகளின் வாசனையை அங்கே பதித்து வைக்கிறது. நம்மால் மோந்தறிய முடியாத அவ்வடையாளங்கள் ‘இது பழகிய இடம்’ என்று அதற்கு நாள்தோறும் சொல்கின்றன. குட்டிக்கு இழப்பதற்கு அதிகம் இல்லை. வளர்ந்த பூனையோ பல ஆண்டுகளின் அடையாளங்களை ஒரே நாளில் இழந்து வருகிறது. புதிய வீட்டின் எந்தச் சுவரும் அதனுடன் பேசுவதில்லை. அது கட்டிலுக்கடியில் கிடப்பது வெறுப்பினாலன்று, செருக்கினாலுமன்று. ஆபத்து எத்திசையிலிருந்து வரும் என்று தெரியாத ஜீவன், முதுகைச் சுவரோடு வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்திருக்கிறது. அறிவுள்ள எந்த உயிரும் அதைத்தான் செய்யும்.

ஒளிந்துகொள்ள விட்டால் என்றைக்கும் ஒளிந்தே இருந்துவிடும் என்று பலர் அஞ்சி, அதை இழுத்தெடுத்து மடியில் வைத்துப் பழக்க முயல்கின்றனர். நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தினர் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மறுமொழி தருகிறது. காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் ஒரு பகுதிக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தனர், மற்றவற்றுக்குக் கொடுக்கவில்லை. பெட்டி கிடைத்த பூனைகளின் பதற்றமே விரைவாகத் தணிந்தது. ஒளிய முடியும் என்ற உறுதிதான் வெளியே வரும் துணிவைத் தருகிறது.

ஆகவே செய்யவேண்டியவை எளியவை. சாக்கில் கட்டிச் சுமவாமல், மூடியுள்ள கூடையில் கொண்டுவர வேண்டும். அது படுத்துறங்கிய பழைய துணியையும், துவைக்காமல், உடன் கொண்டுவர வேண்டும். இழந்த வீட்டில் எஞ்சியிருப்பது அந்த வாசனை ஒன்றே. முதலில் ஓர் அறை போதும். ஒரு மூலையில் உணவும் நீரும், எதிர்மூலையில் மணல் நிரப்பிய தட்டும் இருக்கட்டும். முன்பு என்ன தின்றதோ அதையே சில நாட்கள் கொடுத்துப் பின்னர் மெல்ல மாற்றலாம். பால் வேண்டியதில்லை, வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது வயிற்றுப்போக்கையே தரும். அதைத் தேடிப் போகாமல் நாம் தரையில் அமர்ந்து, உரக்கப் பேசாமல், புத்தகம் படித்துக்கொண்டிருக்கலாம். உற்று நோக்குவது அதற்கு அச்சுறுத்தல். கண்களை மெல்லச் சுருக்கி மூடித் திறப்பவரைப் பூனைகள் கூடுதலாக நெருங்குகின்றன என்று இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் 2020இல் காட்டியிருக்கின்றனர்.

பொறுமை வேறு, அசட்டை வேறு என்பதையும் மறக்கலாகாது. ஒளிந்திருக்கும் பூனை இரவிலாவது தின்ன வேண்டும். ஒரு முழு நாளுக்கு மேல் எதையும் தொடாதிருந்தால் மிருக வைத்தியரை நாட வேண்டும். பட்டினி நீடித்தால், முக்கியமாகக் கொழுத்த பூனைகளில், ஈரலில் கொழுப்பேறி உயிருக்கே ஆபத்தாகும். நீர்வெறுப்பு நோய்க்குத் தடுப்பூசியும், கருத்தடைச் சிகிச்சையும் நமது பொறுப்பு. மூன்று நான்கு கிழமைக்கு முன் வெளியே விட்டால், பழைய லயத்தைத் தேடித் தண்டவாளத்தையும் தெருவையும் கடக்க முற்படும். பழகிய பின், பசித்திருக்கும் நேரத்தில் சற்றே வெளியே விட்டு, உணவுக்கு அழைத்துக்கொள்ளலாம்.

“ஓர் அறையை ஒதுக்குங்கள்” என்பது அறைகள் உள்ளவர்களுக்கான உபதேசம் அன்றோ? ஒரே காம்பிராவில் ஆறு பேர் உறங்கும் குடும்பத்துக்கு அது எவ்வாறு பொருந்தும்? நியாயமான கேள்வி. மனிதருக்கே தனிமை மறுக்கப்பட்ட வீடுகளைக் கட்டியது பூனையன்று. அக்குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. எனினும், அறை இல்லாதவரும் மறைவைத் தரலாம். ஒரு பழைய பலகைப் பெட்டியைப் பக்கவாட்டில் கிடத்தி, வாய்ப்புறத்தில் சாக்கைத் தொங்கவிட்டால் போதும். அப்பெட்டிக்குள் எவரும் கைவிட மாட்டார்கள் என்பதை அவ்வீட்டுச் சிறுவர் முதல் பெரியோர் வரை ஏற்றுக்கொள்ள வேண்டும். மறைவிடம் என்பது நான்கு சுவரைவிடச் சுற்றியிருப்போரின் வாக்குறுதியையே சார்ந்தது. இடவசதி உள்ள பங்களாவிலும் அந்த வாக்குறுதி இல்லாமற் போகலாம்.

இனி நன்றியைப் பற்றிய கேள்விக்கு வருவோம். “உனக்குச் சோறு போட்டவன் நான்” என்ற வாசகம் தோட்டப்புறத்துக்குப் புதிதன்று. நமது முன்னோரை இந்நாட்டுக்குக் கூட்டிவந்த கங்காணி வழிச்செலவையும் அரிசியையும் கம்பளியையும் கொடுத்தான். கொடுத்ததையெல்லாம் கணக்கில் எழுதிக்கொண்டான். ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குப் போக, இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் ஆட்களை விடுவிப்போம் என்று எழுதிய ‘துண்டு’ தேவைப்பட்டது. அந்தத் துண்டு முறை 1921இல் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. ஆயினும் அதன் தர்க்கம் நமது மனங்களில் ஒழிந்துவிடவில்லை. அளித்த சோற்றுக்கு ஈடாக அன்பை எதிர்பார்ப்பவன், தான் தர்மம் செய்ததாக நினைத்துக்கொண்டு உண்மையில் முற்பணம் கொடுத்திருக்கிறான். தவணைக்குள் அது திரும்பாதபோதுதான் ‘நன்றிகெட்ட ஜென்மம்’ என்ற வசை பிறக்கிறது. பூனை எந்த ஒப்பந்தத்திலும் கைநாட்டு வைக்கவில்லை. வர விரும்புகிறாயா என்று எவரும் அதைக் கேட்கவுமில்லை.

கேளாமல் இடம்பெயர்த்தல் என்றதும், மலைநாட்டு வாசகரின் நெஞ்சில் வேறொரு நினைவு எழாமல் இராது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் நமது மக்களின் பிரஜாவுரிமையைப் பறித்தது. 1964 அக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தனர். புகையிரதத்தில் தலைமன்னாருக்குப் போய்க் கப்பலேறியவர்களிற் பலர் இந்தியாவை அதற்குமுன் கண்டதில்லை. அவர்களுக்கு வேலை தருவதற்கென நீலகிரியில் 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. இங்கே ‘கள்ளத்தோணி’ என்று இகழப்பட்டவர் அங்கே ‘சிலோன்காரர்’ ஆயினர்.

மக்களைப் பூனையோடு ஒப்பிடுவதா என்று எவரும் சினங்கொள்ள வேண்டாம். மனிதனுக்குத் தேவை மறைவதற்கொரு பெட்டியன்று. காணியும் வாக்கும் சட்டத்தின் முன் சமத்துவமும். ஒப்புமை அவ்விரு உயிர்களுக்கிடையில் இல்லை. அவற்றை இடம்பெயர்த்தவர்களின் மனோபாவத்தில் இருக்கிறது. இடம் என்பது உயிர்வாழ்வின் ஒரு பகுதி என்று ஒரு பூனையைக் கவனித்துப் பார்த்தவன் அறிவான். இரு அரசுகள் அதை வெறும் கூட்டல் கழித்தலாகக் கண்டன. இங்கே எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. பறித்ததைத் திருப்பிக் கொடுத்ததற்கு நன்றி எதிர்பார்க்கப்படுமானால், அதை மறுப்பதே சுயமரியாதை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நமது வினாவுக்கு விடை தெளிவாகும். உரிமையாக வரவேண்டியதற்கு நன்றி கேட்பது அநீதி. அன்பினால் கொடுத்ததற்கு நன்றி கேட்பது வியாபாரம். நன்றி என்ற உணர்ச்சி பொய்யென்று நாம் சொல்லவில்லை. அது தானாக மலரும்போது மனித உறவின் உயர்ந்த செல்வங்களில் ஒன்று. ஆனால் கேட்டு வாங்கிய கணத்திலேயே அது வேறொன்றாகிவிடுகிறது.

ஆசிரிய நண்பர்களுக்கு இது தொலைவான விஷயமன்று. ஆண்டின் நடுவில் வேறொரு தோட்டப் பாடசாலையிலிருந்து வரும் பிள்ளை கடைசி வாங்கில் வாய்மூடி அமர்ந்திருக்கிறது. கேள்வி கேட்டால் தலைகுனிகிறது. மந்தம், அடங்காப்பிடாரி என்ற பெயர்கள் நமது நாவில் ஆயத்தமாக இருக்கின்றன. அந்தப் பிள்ளையை முதல்நாளே எழுப்பி நிறுத்திப் பாடச் சொல்லாமல், அருகில் ஒரு நல்ல துணையை அமர்த்தி, சில நாட்கள் அதன் போக்கில் விட்டுவைக்கும் ஆசிரியர், கட்டிலுக்கடியில் இருக்கும் பூனைக்குச் சோற்றை வைத்துவிட்டுச் சத்தமின்றி விலகும் அறிவையே கையாளுகிறார்.

சில பூனைகள் ஒரு கிழமையில் வெளியே வரும். சில மூன்று மாதம் எடுக்கும். சில ஒருநாளும் மடியில் ஏறமாட்டா, எட்டிய ஜன்னலோரத்திலேயே அமர்ந்திருக்கும். அந்தத் தூரத்தில் இருந்துகொண்டும் அது அவ்வீட்டின் ஜீவன்தான். அதற்கும் சேர்த்தே உலையில் அரிசி போட வேண்டும்.