பிறர் பெயருக்கு வந்த கடிதம்

போர்முனையில் இருக்கும் கணவனுக்கு மனைவி எழுதும் கடிதம் ஒரே ஒருவருக்காக எழுதப்படுவது. வயலின் விளைச்சல், கடன் கொடுத்தவரின் நெருக்கடி, குழந்தையின் காய்ச்சல், மாமியாரிடம் பட்ட மனவருத்தம், மூன்றாம் மனிதர் காதில் விழக்கூடாத சில சொற்கள் ஆகியவையே அதில் இருக்கும். பல்லாண்டுகளுக்குப் பின் ஒருவர் அக்கடிதத்தைத் தேடி எடுக்கிறார், படிக்கிறார், பிறரும் படிக்குமாறு தொகுத்து வைக்கிறார். அவர் செய்வது நினைவைக் காக்கும் நற்பணியா? அல்லது பிறருடைய அந்தரங்கத்தில் அனுமதியின்றி நுழைவதா?

சட்டம் இதற்கு ஒரு விடையைத் தந்திருக்கிறது. கவிஞர் அலெக்சாண்டர் போப், தம் கடிதங்களை அச்சிட்ட புத்தக வியாபாரி கர்ல் மீது இங்கிலாந்தில் வழக்குத் தொடுத்தார். 1741-இல் வந்த தீர்ப்பு, தாள் பெற்றவருக்குச் சொந்தம், அதை அச்சிடும் உரிமை அவருக்கு இல்லை என்றது. தெளிவான பாகுபாடுதான். ஆனால் எழுதியவரும் பெற்றவரும் மறைந்த பின் யாரிடம் அனுமதி கேட்பது? மனிதனை ஒருபோதும் வெறும் கருவியாக மட்டும் நடத்தலாகாது என்றார் தத்துவ அறிஞர் கான்ட். இறந்தவரின் கடைசி விருப்பத்தை மதிக்கும் நாம், அந்த மதிப்பு சுடுகாட்டோடு முடிவதில்லை என்பதை ஏற்கனவே ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

போர்க்காலக் கடிதங்களைத் தேடுவோர் விரைவிலேயே ஒன்றைக் காண்பார்கள். வீரர்கள் எழுதியவை மிகுதியாகக் கிடைக்கின்றன. மனைவியர் எழுதியவை அரிதாகவே கிடைக்கின்றன. கணவனின் கடிதங்களை மனைவி பெட்டியின் அடியில் பத்திரமாக வைத்தாள். மழையிலும் சேற்றிலும் இடம்விட்டு இடம் பெயர்ந்த அவனுக்கோ, முதுகுச் சுமையில் பழைய கடிதங்களுக்கு இடமில்லை. அன்புக் குறைவால் நேர்ந்த இழப்பல்ல இது.

முதல் உலகப் போரில் இந்த நிலைமை விசித்திரமான வடிவம் கொண்டது. 1914-இல் இந்தியப் படைகள் பிரான்சில் இறங்கியதும், அவர்களுடைய அஞ்சலைப் பரிசோதிக்கத் தனி அலுவலகம் அமைக்கப்பட்டது. வீரர்கள் எழுதியவற்றோடு, ஊரிலிருந்து அவர்களுக்கு வந்தவையும் பிரித்துப் படிக்கப்பட்டன. உருது, இந்தி, பஞ்சாபி முதலிய மொழிகளில் இருந்தவற்றின் பகுதிகள் ஆங்கிலமாக்கப்பட்டு அறிக்கைகளாயின. அந்த அறிக்கைகள் இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. அவற்றிலிருந்து வரலாற்றாசிரியர் டேவிட் ஓமிஸி 1999-இல் ஒரு தொகுப்பை வெளியிட்டார். மூலக் கடிதங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. அன்பினால் காக்க முடியாமற்போனதைச் சந்தேகம் காத்துவிட்டது! பஞ்சாபின் ஏதோ ஒரு கிராமத்துப் பெண்ணின் சொற்களை நாம் இன்று அறிவது, அவளைக் கேளாமல் ஓர் அந்நியர் உறையைப் பிரித்ததனால்தான்.

பிறர் செய்த தவறு நம் கையில் சேர்த்த ஒன்றை நாம் பயன்படுத்தலாமா? படிக்காமல் மூடி வைப்பதால் அப்பெண்ணுக்கு நன்மை ஒன்றும் விளைவதில்லை. அவள் இருந்தாள் என்பதும் மறைந்துபோகும். ஆகவே படிக்கலாம். ஆனால் அந்தத் தணிக்கையாளர் படித்தது போலப் படிக்கக்கூடாது. அவர் தேடியது படையின் மனநிலைக்கான சான்றை. அரசின் பெருமையையோ சிறுமையையோ நிறுவ, இன்று அதே வரிகளைத் துண்டு துண்டாக எடுத்து அடுக்குபவரும் ஏறக்குறைய அதையே செய்கிறார்.

1911 மக்கள்தொகைக் கணக்கின்படி, இந்தியப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவே. எனவே அவள் சொல்ல, எழுதத் தெரிந்த வேறொருவர் எழுதியிருக்கலாம்; அவர் முன்னிலையில் சொல்லக் கூசியவை விடுபட்டிருக்கலாம். ‘இங்கு யாவரும் நலம்’ என்ற வரி வீட்டு நிலையைப் பற்றிய செய்தி என்று தொகுப்பவர் எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவார். தொலைவில் இருப்பவன் இரவில் உறங்கவேண்டும் என்பதற்காக அவள் செய்த ஒரு செயல் அது. வாய்மைக்குப் பொருந்துமா என்று கேட்போர், அதே வீட்டில் அன்று அடுப்பு எரிந்ததா என்பதையும் கேட்கவேண்டும்.

இதற்கு மறுமுனையில் நிற்பவர் மார்த்தா வாஷிங்டன். அமெரிக்கச் சுதந்திரப் போரில் படைத்தலைவராயிருந்த ஜார்ஜ் வாஷிங்டனின் மனைவி. கணவர் 1799-இல் மறைந்த பின், தாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் எழுதியவற்றை அவர் தீயிலிட்டார் என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. மிகச் சிலவே எஞ்சின. வரலாற்றாசிரியர்கள் வருந்துகிறார்கள்; வருந்தட்டும். அது அவருடைய உரிமை. பேரப்பிள்ளைகளின் நிலை வேறு. அவர்கள் அக்கடிதங்களை எழுதவும் இல்லை, அவை அவர்கள் பெயருக்கு வரவும் இல்லை. எரிக்கும் உரிமையும், கண்டவர்முன் விரித்துவைக்கும் உரிமையும் அவர்களுக்கு ஒருசேர இல்லை. அடைக்கலப் பொருளை வைத்திருப்பவரின் நிலை அது.

1998-இல் ஆண்ட்ரூ கேரல் என்ற அமெரிக்கர் போர்க்காலக் கடிதங்களைக் காக்க ஒரு முயற்சியைத் தொடங்கினார். அவர் எவர் வீட்டுப் பெட்டியையும் திறக்கவில்லை. பத்திரிகை வாயிலாகக் கேட்டார். குடும்பங்கள் தாமே அனுப்பின. இன்று அத்தொகுப்பு கலிபோர்னியாவில் சாப்மன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

நம் நாட்டில் 1965, 1971 போர்க்காலங்களில் ‘56 ஏ.பி.ஓ.’, ‘99 ஏ.பி.ஓ.’ என்ற முகவரிகளுக்கு நீல இன்லண்டுகளில் எழுதிய பெண்கள் பலர் இன்றும் எண்பதைக் கடந்து வாழ்கிறார்கள். 1914-இன் கிராமத்துப் பெண்ணிடம் எவரும் கேட்காததை இவர்களிடம் கேட்க இன்னும் காலம் இருக்கிறது. கட்டினைக் கொடுக்க இசையும் ஒரு மூதாட்டி, அதிலிருந்து ஒரே ஒரு கடிதத்தை மட்டும் உருவி எடுத்துத் தம் தலையணையின் கீழ் வைத்துக்கொள்ளக்கூடும். அதில் என்ன இருக்கிறது என்று தொகுப்பவர் கேட்க வேண்டியதில்லை.