பூவை உண்ணலாமா?

மார்கழி பிறந்துவிட்டால் தஞ்சைத் தரணியின் கொல்லைகளில் பரங்கிக்கொடி மஞ்சளாய்ப் பூத்து நிற்கும். ஆடிப்பட்டத்தில் ஊன்றிய விதை கூரை மீதும் வேலி மீதும் ஏறி, விடியற்காலையில் கொத்துக் கொத்தாக மலரும். நம் பக்கத்தில் அப்பூவுக்குரிய இடம் வாசற்கோலத்துச் சாணவுருண்டையின் தலைதான். அடுப்பங்கரைக்கு அது வந்ததில்லை. ஆனால் வங்காளத்தில் அதை மாவில் தோய்த்துப் பொரித்து உண்பர். இத்தாலியில் பரங்கியின் இனமாகிய சுக்கினியின் பூவுக்குள் பாலாடைக்கட்டியை அடைத்துப் பொரிப்பர். மெக்சிகோ நாட்டில் சோள ரொட்டியில் வைத்து மடித்து உண்பர். கைப்பேசியில் இவற்றையெல்லாம் காணும் நம் பிள்ளைகள், "கொல்லையில் இத்தனை பூ வீணாய் வாடுகிறதே, நாமும் சமைத்தால் என்ன?" என்று கேட்கின்றனர். வீட்டுப் பெரியோர், "பூவுண்பது நமக்கு ஆகாது" என்று கூறி முடித்துவிடுகின்றனர். ஏன் ஆகாது என்று அடுத்த வினா எழுந்தால் விடை கூறுவார் அரியர்.

ஸ்ரீ சமந்தபத்திர ஆசாரியர் தமது இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில், போகோபபோகப் பரிமாண விரதத்தை விளக்கும் இடத்தில் இதனைத் தொடுகிறார். பயன் சிறிதாகவும் உயிர்க்கேடு பெரிதாகவும் உள்ளவற்றைச் சிராவகன் விலக்க வேண்டும் என்பது அவர் கருத்து. கிழங்கு, பச்சை இஞ்சி, வெண்ணெய் ஆகியவற்றோடு வேப்பம்பூவையும் தாழம்பூவையும் அங்கே பெயர் சுட்டிச் சொல்கிறார். பரங்கிப்பூ அப்பட்டியலில் இல்லை. இருக்கவும் முடியாது. பரங்கி அமெரிக்கக் கண்டத்துக் கொடி; ஐரோப்பியர் கடல்வழி வந்த பின்னரே, 16ஆம் நூற்றாண்டு முதல், இந்நாட்டு மண்ணில் வேரூன்றியது. அதன் பெயரே வந்த வழியைச் சொல்லிவிடும். பட்டியலில் இல்லை, ஆகவே உண்ணலாம் என்னும் இளையோர் வாதமும், பூ என்றாலே விலக்கு என்னும் முதியோர் வாதமும் ஆசாரியர் முதலில் வைத்த காரணத்தைத் தாண்டிச் சென்றுவிடுகின்றன. அவர் கையில் கொடுத்தது ஓர் அளவுகோல். அதைக்கொண்டு பரங்கிப்பூவை அளந்து பார்ப்போம்.

பரங்கிக்கொடியில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே பூக்கும். பெண்பூவின் அடியில் சுண்டைக்காயளவு பிஞ்சு திரண்டிருக்கும், ஆண்பூவுக்கு வெறுங்காம்புதான். ஆண்பூக்கள் சில நாள் முந்திப் பூக்கும், எண்ணிக்கையிலும் மிகுதி. ஆகவே ஆண்பூவைப் பறிப்பதால் காய் குறையாது என்று சமையல் செய்வோர் கூறுவது பெரும்பாலும் மெய்யே. அளவோடு பறித்தால் கொடிக்கு இழப்பில்லை. ஓரறிவுயிர்க்கு நேரும் துன்பத்தை மட்டும் எண்ணினால், கீரை கிள்ளுவதைவிட இது கொடிதென்று கூறுவதற்கில்லை.

கேடு கொடியில் இல்லை. பூவின் உள்ளே இருக்கிறது. பரங்கியின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. காற்று அதைச் சுமவாது. தேனீயும் வண்டும் உள்ளே புகுந்து புரண்டு பெண்பூவுக்குக் கொண்டு சேர்த்தால்தான் பிஞ்சு தங்கும். இல்லையேல் மஞ்சளித்து உதிரும். அதனால்தான் அப்பூ அத்தனை அகன்ற வாயும் ஆழ்ந்த அடியும் கொண்டிருக்கிறது. விடியலில் விரிந்து, வெயில் ஏறுவதற்குள் இதழ் சுருட்டி மூடிக்கொள்ளும். மூடும்போது உள்ளே இருப்பது எறும்பாயினும் சிவந்த சிறுவண்டாயினும் அங்கேயே அடைபடும். எறும்பு மூவறிவுயிர், தேனீயும் வண்டும் நான்கறிவுயிர் என்பதில் நம் ஆகமமும் தொல்காப்பியமும் ஒத்துப்போகின்றன. நகரும் உயிரை அறிந்து கொல்லாமை இல்லறத்தான் ஏற்ற முதல் அணுவிரதம். நான்கு பேர் உண்ண இருபது பூவாவது வேண்டும். இருபது பூவையும் பிரித்து, அடிவரை பார்த்து, உயிரை ஊறின்றி வெளியேற்றி அடுப்பில் வைப்போர் எத்தனை பேர்?

இனிப் பயனைப் பார்ப்போம். பூவில் பெரும்பகுதி நீர். பொரித்தபின் நாவில் நிற்கும் சுவை கடலைமாவுக்கும் எண்ணெய்க்கும் உரியது. அதே கொடி காயும் பழமும் தருகிறது, கொழுந்துக்கீரை தருகிறது, விதையும் உணவாகிறது. முதல்நாள் பொழுது சாயுமுன் மறுநாள் விரியவிருக்கும் மொட்டைக் கொய்துகொண்டால் உள்ளே உயிர் புகுந்திராதே என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்விதான். கேடு குறைகிறது, பயன் மட்டும் சிறிதாகவே நிற்கிறது. அவ்வாறு செய்யும் இல்லத்தாரை விரதம் கெட்டவர் என்று நாம் பழிக்கமாட்டோம். நம் கொல்லைப் பூவைத் தேனீக்கே விட்டுவைப்பதுதான் நமக்குச் சரியாகப் படுகிறது.

அப்படியானால் வாழைப்பூ? காவிரிப்படுகையில் வாழைப்பூ சமைக்காத வீடு உண்டோ! அளவுகோல் ஒன்றே, விடை வேறு. தார் சீப்பு விட்டு முடிந்தபின் நுனியில் தொங்குவது காய்க்காத ஆண்பூத்தொகுதி. அதை வெட்டினால் தாருக்கு நன்மையே. மடல்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் இறுகியிருப்பதால் உட்பூக்கள் வெளிக்காற்றையே அறியா. திறந்த வெளிமடலை நீக்கிவிட்டால் போதும். கள்ளன் எடுக்க ஒவ்வொரு பூவையும் கையில் எடுத்தே தீர வேண்டுமாதலால் பார்வைக்கும் தப்பாது. பெயர் பூவாக இருப்பதனாலேயே அதை விலக்குவது பொருந்தாது.

கரந்தை ஆதீசுவரர் ஆலயத்திலும் மன்னார்குடி மல்லிநாதர் ஆலயத்திலும் பூச்சார்த்தி வழிபடும் நாம், உண்ணும்போது மட்டும் ஏன் தயங்க வேண்டும் என்பாரும் உளர். வடநாட்டுத் திகம்பரரில் தேராபந்தியர் மலருக்கு மாற்றாக நிறமேற்றிய அரிசியையே இடுகின்றனர். வேப்பம்பூவை விலக்கச் சொன்ன அதே நூலில்தான் சமந்தபத்திரர், இராசகிருகத்தில் ஒரே ஒரு பூவோடு பகவானை வணங்கப் புறப்பட்ட தவளையைப் போற்றுகிறார். ஒரு பூ போதுமானதாயிருந்தது அத்தவளைக்கு. கூடை கூடையாய்க் கொட்டுவோர் இதைக் கருதலாம்.

எஞ்சியது வேப்பம்பூ. சித்திரை முதல் நாள் பச்சடிக்காகப் பங்குனியிலேயே மரத்தடியில் துணி விரித்து உதிர்ந்ததைச் சேர்க்கின்றனர். பறிக்கவில்லையே என்பது அவர்கள் வாதம். ஆயினும் அரிசியளவுப் பூக்களுக்கிடையே ஒளிந்த நுண்பூச்சிகளும் சேர்ந்து வெயிலில் காய்கின்றன. ஒவ்வொன்றாய் ஆராய எவராலும் இயலாது. ஆசாரியரும் பெயர் சொல்லியே விலக்கியிருக்கிறார். மாங்காயும் வெல்லமும் கொண்ட பச்சடியே பண்டிகைக்குப் போதும். அண்டை வீட்டார் அன்போடு கொடுத்தனுப்புவர்; அவர்களிடம் முதல் நாளே சொல்லிவைத்துவிடலாம். கிண்ணம் வாசலுக்கு வந்தபின் கைநீட்டாமல் நிற்பது அவர்க்கும் வருத்தம், நமக்கும் கூச்சம்.