இரட்டையரைப் பிரித்தவர் யார்?

ஜெர்மானிய எழுத்தாளர் எரிக் கெஸ்ட்னர் 1949இல் வெளியிட்ட சிறுவர் நாவல் ஒன்றில் இரு சிறுமிகள் விடுமுறை விடுதியில் சந்திக்கின்றனர். ஒரே முகம், ஒரே பிறந்தநாள். லூயிஸ் வியன்னாவில் தந்தையிடம் வளர்பவள். லோட்டே மியூனிக்கில் தாயிடம் வளர்பவள். மணவிலக்கின்போது பெற்றோர் வீட்டுச் சாமான்களைப் பங்கிடுவதுபோல இரட்டைக் குழந்தைகளையும் ஆளுக்கொன்றாகப் பங்கிட்டுக்கொண்டனர். உண்மையறிந்த சிறுமிகள் ஒருவர் வீட்டுக்கு மற்றவர் சென்று, இறுதியில் பெற்றோரை இணைத்துவைக்கின்றனர். ஹாலிவுட் வழியாக இக்கதையே 1965இல் 'குழந்தையும் தெய்வமும்' எனத் தமிழ்த் திரைக்கும் வந்தது.

இந்நாவலில் என்னைக் கவர்ந்தது சமையலறைதான். உழைத்துப் பிழைக்கும் தாயிடம் வளர்ந்த லோட்டே சமையலில் தேர்ந்தவள். வசதியில் வளர்ந்த லூயிஸோ இடம் மாறியதும் அடுப்படியில் திண்டாடுகிறாள். சிரிக்கத்தான் செய்கிறோம். ஆயினும் ஒரே வயிற்றில் பிறந்தோரின் கைகள் வேறுபட்டதற்குக் காரணம் இரத்தமன்று, வாழ்க்கை நிலையே என்பதைக் குழந்தை அங்கே கற்றுக்கொள்கிறது. 1933இல் நாஜிகள் தீயிலிட்ட நூல்களுள் கெஸ்ட்னருடையவையும் இருந்தன என்பது வியப்பன்று.

முடிவுதான் எனக்கு உடன்பாடன்று. பெரியோர் உடைத்ததைச் சிறியோர் ஒட்டவைக்க வேண்டுமாம்! உடைத்தது பெற்றோராயின் அதுவும் இயலக்கூடும். உடைத்தது அரசாயின்?

பதுளையிலோ பசறையிலோ தோட்டப் பாடசாலையொன்றில் இக்கதையைச் சொல்லும் ஆசிரியர் இவ்வினாவைத் தவிர்க்க முடியாது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாக, எழுபத்தையாயிரம் எழுபத்தையாயிரமாக, இரு அரசுகளும் பகிர்ந்துகொண்டன. லூயிஸின் பெற்றோராவது இரண்டு பேரைத்தான் பங்கிட்டனர். பங்கிடப்பட்டோரின் சம்மதத்தை அங்கும் எவரும் கேட்கவில்லை, இங்கும் கேட்கவில்லை. ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமையும் கிடைத்த கதைகள் மலையகத்தில் ஏராளம். அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச்சென்ற ரயிலுக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'.

கெஸ்ட்னரின் கதையை ஊவாவில் எழுதிப் பார்ப்போம். நமுனுகுல மலைச்சாரலில், லயத்துக் காம்பரா ஒன்றில் பிறந்த இரட்டைச் சகோதரிகள். வளர்ந்து மணமானபின் ஒருத்தி கப்பலேறுகிறாள். தாயகம் திரும்பியோருக்கென 1968 முதல் நீலகிரியில் தமிழ்நாட்டு அரசு அமைத்த தேயிலைத் தோட்டத்தில் அவளுக்கு வேலை கிடைக்கிறது. அக்காளும் தங்கையும் ஒருநாள் இடம் மாறினால் என்ன நிகழும்? நகைச்சுவைக்கு இடமேயில்லை. அங்கும் அதே கொழுந்து, அதே கூடை, அதே நிறுவை. பங்கிட்ட அரசுகள் இரண்டு. பறிக்கும் கைகளின் நிலை ஒன்றே. எந்தக் கங்காணியும் மாற்றத்தைக் கண்டுபிடித்திருக்கமாட்டான். வேறுபாடு பெட்டிக்குள் கிடக்கும் காகிதத்தில் மட்டுமே இருந்தது.

இப்படியொரு நாவலைச் சிறுவர் கையில் கொடுக்கலாமா எனச் சிலர் தயங்குவர். பெற்றோரின் பிரிவால் வருந்தும் குழந்தைகள் உலகில் இருக்கும்போது அதைப் பற்றி அவர்களிடம் பேசாதிருப்பது எங்ஙனம் என்று கெஸ்ட்னர் தம் கதைக்குள்ளேயே வாதிடுகிறார். நம் பாடசாலைகளில் அமர்ந்திருப்போர் கோச்சியில் பிரிந்தோரின் பேரப்பிள்ளைகள். அவர்களிடம் மறைப்பதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது?

ஆனால் அந்த நாவலுக்கு இனிய முடிவைத் தேடி எழுத்தாளன் அலையக்கூடாது. வியன்னா செல்ல அச்சிறுமிக்கு ஒரு ரயில் பயணம் போதுமாயிருந்தது. தலைமன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே ஓடிய கப்பலோ 1980களில் போரினால் நின்றுபோயிற்று.