ஐஸ் பெட்டியும் நேரக் கணக்கும்

ஐஸ் பெட்டியின் வேலை, வெளியே உள்ள வெப்பம் உள்ளே வருவதைத் தாமதப்படுத்துவது. பெட்டிக்குக் கொடுக்கும் பணம் அந்தத் தாமதத்துக்கான பணம். திருகோணமலை உள்துறைமுகத்தை ஒட்டிய ஓர்ஸ் ஹில் போன்ற இடத்தில், கச்சான் காற்று வீசும் நாட்களில் வெயில் 35 பாகை செல்சியஸைத் தாண்டும்போது, அந்தத் தாமதம்தான் மீனைக் காக்கும்.

ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 30 பாகையில் பிடிபட்ட ஒரு கிலோ மீனைப் பூச்சியத்துக்கு இறக்க ஏறத்தாழ 110 கிலோஜூல் அகற்றினால் போதும். மீனின் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஐஸே அதற்குச் செலவாகும். அப்படியிருந்தும் வெப்ப நாடுகளில் மீனுக்குச் சம எடை ஐஸ் போடச் சொல்வார்கள். மிச்ச ஐஸைத் தின்பது பெட்டியின் சுவர் வழியே நுழையும் வெப்பம்.

சந்தையில் எல்லோரும் அறிந்தது ரெஜிபோம் பெட்டி. மறுபுறம், 2006இல் அமெரிக்காவின் டெக்சாஸில் சீடர்ஸ் சகோதரர்கள் தொடங்கிய யெட்டி போன்ற நிறுவனங்களின் பெட்டிகள்: மூட்டில்லாமல் ஒரே வார்ப்பாக எடுத்த பிளாஸ்டிக் கூடு, நடுவில் தடித்த பொலியூரித்தேன் நுரை. நடுத்தர அளவுப் பெட்டி அங்கேயே 300 டொலரை ஒட்டி விற்கிறது. இலங்கைக்கு வந்து சேரும்போது தீர்வையும் கப்பல் கூலியும் அதன்மேல் ஏறும்.

0.8 சதுர மீற்றர் மேற்பரப்புள்ள பெட்டியை எடுத்துக்கொண்டால், 2.5 சென்ரிமீற்றர் ரெஜிபோம் சுவர் ஒரு நாளில் எட்டு, ஒன்பது கிலோ ஐஸை உருக விடும். 5 சென்ரிமீற்றர் பொலியூரித்தேன் சுவருக்கு அது மூன்று கிலோ அளவில் நிற்கும். வேறுபாடு பெரியதுதான். ஆனால் மாலையில் கடலுக்குப் போய் விடியலில் கரை சேரும் படகுக்கு அது மூன்று கிலோ ஐஸ்கூட இல்லை. அந்த ஐஸை முதலிலேயே கூடுதலாகப் போட்டவரின் மீன் இரண்டு பெட்டியிலும் ஒரே தரத்தில்தான் இருக்கும். சந்தையில் மீன் வாங்கி அரை மணி நேரத்தில் வீடு சேரும் குடும்பத்துக்கு இந்தக் கணக்கே தேவையில்லை.

சிக்கனம் செய்யக்கூடாத இடம் ஐஸ். சூரை போன்ற மீன்கள் குளிர் தவறினால் அவற்றில் ஹிஸ்டமின் சேரும். பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. பெட்டிக்குக் கடன்பட்டுவிட்டு ஐஸில் கை இறுக்குவது குடும்பத்தின் சாப்பாட்டுத் தட்டில் வந்து முடியும்.

விலை உயர்ந்த பெட்டிக்கு நியாயம் உள்ள இடங்களும் உண்டு. இரண்டு, மூன்று நாள் ஐஸ் கிடைக்காத இடத்தில் தங்குபவர்களுக்கு அது உண்மையான துணை. நீண்ட நாள் உழைப்பது இன்னொரு காரணம். ரெஜிபோம் விளிம்பில் உடையும். உடைந்த வெள்ளைத் துணுக்குகள் கடலில் மிதந்து ஆண்டுக்கணக்கில் அழியாமல் கிடக்கும். ஆண்டு முழுவதும் தினமும் தொழிலுக்குப் போகிறவர் மலிவுப் பெட்டியைத் திரும்பத் திரும்ப வாங்கும் செலவையும் கூட்டிப் பார்க்க வேண்டும். பெருநாளுக்கும் சுற்றுலாவுக்கும் மட்டும் பெட்டியை எடுக்கும் வீடு, அயலில் இரவல் கேட்பதே மேல்.

எந்தப் பெட்டியானாலும் நிழலில் வைத்து, மூடியை அடிக்கடி திறக்காமல் இருந்தால் ஐஸ் நீடிக்கும். தடித்த சுவர்ப் பெட்டி வெயிலில் கிடந்திருந்தால் சுவரே சூட்டைத் தேக்கி வைத்திருக்கும். அதனால் முதல் நாள் இரவே கொஞ்சம் ஐஸ் போட்டு மூடிவைத்து, காலையில் அந்த நீரை ஊற்றிவிட்டுப் புது ஐஸ் நிரப்புவார்கள்.