செவ்வாய்க்கு எந்தப் பேப்பர்?

“அண்ணா – பேப்பர் – செவ்வாய்.” கொழும்பின் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போகிற ஒருவரின் ஃபோனில் காலை எட்டு மணிக்கு இப்படி ஒரு வரி வந்து நிற்கிறது. எழுதியவரும் அவரே, நேரம் குறித்தவரும் அவரே. ஆனால் எந்தப் பேப்பர்? டொரொன்டோவில் இருக்கும் அண்ணா கேட்ட பிறப்புச் சான்றிதழா, காணி உறுதியா, அம்மாவின் இரத்தப் பரிசோதனை அறிக்கையா? விபரமெல்லாம் வட்ஸ்அப்பில் அண்ணா அனுப்பிய குரல் பதிவில் இருக்கிறது. அதற்கு மேல் கலியாண வீட்டுப் படங்களும் குடும்பக் குழுவின் காலை வணக்கங்களும் குவிந்துவிட்டன. வெள்ளவத்தையில் ஏறியவர் பம்பலப்பிட்டி தாண்டியும் விரலால் தள்ளித் தள்ளித் தேடுகிறார். அண்ணாவையே கேட்கலாம் என்றால், அங்கே அது படுக்கைக்குப் போகும் நேரம்.

இதை வெறும் மறதி என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்க உளவியலாளர்களான மசிகாம்போவும் போமைஸ்டரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்த இடத்தில் உதவும். முடிக்காத வேலை மனதைக் குடைந்துகொண்டே இருக்கிறது. அதை எப்போது, எங்கே, எப்படிச் செய்வது என்று திட்டவட்டமாகத் தீர்மானித்ததும், வேலை தொடங்காமலேயே அந்தக் குடைச்சல் அடங்கிவிடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். நினைவூட்டல் வைத்ததும் வருகிற நிம்மதி பொய்யில்லை என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். வில்லங்கம் என்னவென்றால், கவலை இறங்கிப் போகும்போது காரணத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுகிறது. செவ்வாய்க்கிழமை அந்த வரியை வாசிப்பவர், வெள்ளிக்கிழமை அதை எழுதியவருக்குத் தெரிந்த எதுவும் தெரியாத ஆளாக இருக்கிறார்.

கணக்கு எழுதுகிறவர்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். 1494இல் வெனிஸில் அச்சான லூக்கா பச்சியோலியின் கணித நூல், வியாபாரி மூன்று புத்தகங்கள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. நடந்ததை நடந்தபடி கிறுக்க ஒன்று, அதை ஒழுங்குபடுத்தி எழுத ஒரு நாளேடு, பிறகு பேரேடு. ஒரு பதிவிலிருந்து மற்றதைத் தேடிப் பிடிக்க, நாளேட்டின் ஓரத்தில் பேரேட்டுப் பக்க இலக்கத்தைக் குறிக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. இலங்கையில் உயர்தரத்தில் கணக்கீடு படிக்கிற பிள்ளைகள் அந்த இலக்கத்துக்காக இன்றும் ஒரு ஒடுங்கிய நிரல் கீறுகிறார்கள்.

கொழும்பில் இதற்கு இன்னும் கிட்டிய உதாரணம் ஒன்று வீட்டுக்கு வீடு இருக்கிறது. பிள்ளை பிறந்ததும் தாயின் கையில் கொடுக்கப்படும் சுகாதார வளர்ச்சிப் பதிவேடுதான் அது. பிறந்தவுடன் பீ.சீ.ஜீ., 2, 4, 6 மாதங்களில் ஐங்கூட்டுத் தடுப்பூசி, 9ஆம் மாதத்தில் எம்.எம்.ஆர்., 12ஆம் மாதத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான ஊசி என்று வரிசை அதில் அச்சிட்டிருக்கிறது. ஊசி போட்ட திகதியும் அதிலேயே ஏறும். சில பக்கங்கள் தள்ளி, பிள்ளையின் நிறையைப் புள்ளி புள்ளியாகக் குறித்து இழுத்த கோடு. அடுத்து எப்போது வரவேண்டும், ஏன் வரவேண்டும், போனமுறை என்ன நடந்தது என்ற மூன்றுக்கும் ஒரே புத்தகம் பதில் சொல்கிறது. கொட்டாஞ்சேனையில் இருந்த குடும்பம் தெஹிவளைக்கு வீடு மாறினாலும், அங்குள்ள மிட்வைஃப் புத்தகத்தை விரித்த மாத்திரத்தில் கதை முழுவதும் விளங்கிவிடும். எழுதியவர் பக்கத்தில் நின்று விளக்கத் தேவையில்லை. “அண்ணா – பேப்பர் – செவ்வாய்” என்ற வரியை மனைவியிடம் காட்டினால் அவரால் என்ன செய்ய முடியும்?

புத்தகத்துக்கு ஒரே குறை, அது மணியடிக்காது. அதனால் திகதியை மட்டும் ஃபோனுக்குக் கொண்டுபோகிறோம். அரச வைத்தியசாலை கிளினிக் கொப்பியிலும் இதுவேதான். அடுத்த திகதி, குளிசைகளின் அளவு, அன்று செய்யவேண்டிய பரிசோதனை எல்லாம் கொப்பியில் இருக்கும். மகன் ஃபோனில் போடுவது “அம்மா கிளினிக் 14” என்று மட்டும். 14ஆம் திகதி விடிய மணி அடிக்கிறது. அம்மாவை எழுப்பி, பிளேன்ரீயும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்து, முச்சக்கரவண்டியில் ஏற்றி, வரிசையில் இலக்கம் எடுத்து உட்கார்ந்த பிறகுதான் கொப்பி விரிகிறது: வெறும் வயிற்றோடு வரவும். நினைவூட்டல் ஒரு நிமிடம்கூடப் பிந்தவில்லை. ஆனால் சீனி பார்க்க இன்னொரு நாள் வரவேண்டும். கொப்பியின் அந்தப் பக்கத்தை ஒரு படம் எடுத்து, அந்தப் படத்தின் மேல் மணியை வைத்திருந்தால் தீர்ந்திருக்கும்.

செயலிகள் செய்பவர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. குறிப்புச் செயலியான எவர்நோட் 2013இல் குறிப்பின் மேலேயே நினைவூட்டலை வைக்க வழிசெய்தது. அப்பிள் 2015இல் ஐஓஎஸ் 9உடன், திரையில் திறந்திருக்கும் மின்னஞ்சலையோ வலைப்பக்கத்தையோ நினைவூட்டலோடு சேர்த்துவிட தன் குரல் உதவியாளரான சிரியைப் பழக்கியது. ஜிமெயிலில் வந்த கடிதத்தைக் கூகுள் டாஸ்க்ஸில் சேர்த்தால், திரும்பிப் போகும் இணைப்பு அடியில் தானாக வந்து உட்காரும். அன்ட்ராய்ட் ஃபோன்கள் நிறைந்த இந்த ஊரில் கையில் கிடைப்பது கூகுள் கீப். அதில் கறிச்சாமான் பட்டியலுக்கும் மணி கட்டலாம். ஒப்சிடியன் போன்ற குறிப்புச் செயலிகள் ஒவ்வொரு குறிப்புக்கும் தனி முகவரி கொடுக்கின்றன. அதை நாட்காட்டியில் ஒட்டிவிட்டால், தொட்டதும் குறிப்பு திறக்கும்.

ஆனால் இந்த முகவரிகளுக்கு ஆயுள் குறைவு. எவர்நோட்டை இத்தாலிய நிறுவனமான பென்டிங் ஸ்பூன்ஸ் வாங்குவதாக 2022 நவம்பரில் அறிவிப்பு வந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்புகள் என்று எல்லை விழுந்தது. பலர் மூட்டை கட்டினார்கள். குறிப்புகள் புது வீட்டுக்கு வந்து சேரும். குறிப்புக்குக் குறிப்பு போட்ட இணைப்புகள் பெரும்பாலும் வழியில் அறுந்துவிடும். அதனால் இணைப்பை மட்டும் நம்பாமல், நினைவூட்டலிலேயே காரணத்தை அரை வரியில் எழுதிவைப்பது நல்லது. “அம்மா கிளினிக் 14, சாப்பிடாமல்” என்பதற்கு எந்தச் செயலியும் வேண்டாம். பால் வாங்கவும் தண்ணீர் பில் கட்டவும் இணைப்புத் தேடி மினக்கெடுவது வீண்வேலை. அதையும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வேலையைவிட வேலைப்பட்டியலில் அவர்களுக்குப் பிரியம்.

இணைப்பை வேண்டுமென்றே அறுத்து வைக்கிற இடமும் உண்டு. ஜம்பட்டா வீதிப் பக்கத்து வீடு ஒன்றில் மூன்று அடகுச்சீட்டுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வங்கியில், ஒன்று தனியார் கடையில். சீட்டில் இலக்கம், நகையின் விபரம், நிறை, கொடுத்த தொகை, மீட்கவேண்டிய திகதி எல்லாம் இருக்கும். சீட்டுகள் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில். வீட்டுக்கார அம்மாவின் ஃபோனிலோ “22” என்ற இலக்கம் மட்டும்தான். சீட்டைப் படம் பிடித்து அதன் மேல் மணியை வைத்தால், எந்த நகை, எந்த இடம், எவ்வளவு வட்டி என்று குழம்பத் தேவையில்லை. வட்டி கட்டிப் புதுப்பிக்கும்போது கிடைக்கும் புதுச் சீட்டைத் திரும்பப் படம் எடுத்தால் சரி. அவருக்கு இது தெரியாமல் இல்லை. ஃபோன் நாள் முழுக்கச் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது, மருமகளும் எடுக்கிறாள், விருந்துக்கு வந்தவர்களும் எட்டிப் பார்க்கிறார்கள். அடகில் இருப்பது மகனை வெளிநாட்டுக்கு அனுப்பக் கழற்றிய தாலிக்கொடி. பூட்டிய திரையில் விபரம் தெரியாமல் மறைக்கும் வசதி ஃபோனின் அமைப்புகளுக்குள் இருக்கிறது. ஆனால் அந்தப் பூட்டைத் திறக்கும் இலக்கம் பேரனுக்குத் தெரியும்.