டம்ளர் தண்ணீர்

தேக்காவிலிருந்து ஆஃபிர் ரோடு லூர்து மாதா கோயிலுக்குக் கால்மணி நேர நடை. தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக எழுப்பி, 1888இல் கட்டிமுடித்த கோயில். அப்பாவைப் பெற்ற பாட்டி, வீரமாகாளியம்மனுக்கு எலுமிச்சை விளக்கு போட்ட கையோடு சில வெள்ளிக்கிழமைகளில் அங்கேயும் போய் மெழுகுவர்த்தி ஏற்றுவார். "அவளும் பிள்ளையப் பறிகொடுத்தவதானே" என்பார். அம்மா கத்தோலிக்கர். பாட்டி கடைசிவரை திருநீறு பூசியவர்.

பாட்டி இறப்பதற்கு முந்தைய இரவு, அம்மா ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்துவந்து கட்டிலருகே நின்றார். சாகும் தறுவாயில் இருப்பவருக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், சாமியார் வரவேண்டியதில்லை. "குடுத்துரட்டுமா?" என்றார் என்னிடம். பாட்டிக்கு நினைவில்லை.

"அவங்க கேக்கலையேம்மா."

அம்மா தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டார். வயதுவந்தவர் தானே விரும்பியிருக்க வேண்டும் என்பதுதான் திருச்சபைச் சட்டமும். ஆனால் அந்தச் சட்டமெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. துக்கம் கேட்க வந்த ஒருவர், "கடைசி நேரத்துல ஏத்துக்கிட்டிருந்தா போதுமே" என்றார். அம்மா என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் தேவலை.

நித்திய வாழ்வு யாருக்கு? பொதுவாகக் கேட்டால் இது இறையியல். நம் வீட்டு ஆளை வைத்துக் கேட்டால் வேறு. முத்துக்குளித்துறையில் நம் பரதவர்களிடையே வேலைசெய்த சவேரியார் பிறகு ஜப்பான் போனார். புதிதாகக் கிறிஸ்தவரானவர்கள் அங்கே அவரிடம் கேட்டது இதைத்தான்: இதையெல்லாம் கேள்விப்படாமலே செத்துப்போன எங்கள் அப்பா, அம்மா, பாட்டன், பூட்டனெல்லாம்? நரகத்தில் இருப்பவர்களை மீட்க ஜெபமும் தானமும் உதவாது என்றார் சவேரியார். அவர்கள் அழுதார்கள். அதைப் பார்த்துத் தனக்கும் வருத்தமாக இருந்தது என்று 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து கடிதம் எழுதினார். அவர் சொன்ன பதிலைவிட அந்த வருத்தத்தைத்தான் நான் நம்புகிறேன்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏடு கதவைக் கொஞ்சம் திறந்தது. தன் குற்றமில்லாமல் நற்செய்தியை அறியாதவர், நேர்மையாகக் கடவுளைத் தேடி மனசாட்சிப்படி வாழ்ந்தால் மீட்பு பெறலாம் என்கிறது 16ஆம் எண். ஆனால் 14ஆம் எண்ணும் இருக்கிறது: திருச்சபை அவசியம் என்று தெரிந்தும் அதில் சேர மறுப்பவருக்கு மீட்பு இல்லை. பாட்டி எதில் வருவார்? மருமகளோடு அத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர், எல்லாக் கதையும் தெரிந்தவர். காதில் விழுந்ததும் அறிந்ததும் ஒன்றுதானா? அம்மாவின் ஜெபமாலையை மரியாதையோடு எடுத்துவைத்ததை மறுப்பு என்பதா? எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

கார்ல் ரானர் என்ற இறையியலாளர் இப்படிப்பட்டவர்களைப் 'பெயரற்ற கிறிஸ்தவர்கள்' என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் பாட்டிக்குப் பெயர் இருந்ததே.

இன்னொன்றும் உண்டு. பாட்டிக்கு இதில் ஆசையே இல்லை. அம்மா ஒருமுறை நித்திய வாழ்வைப் பற்றி விளக்கியபோது, "செத்தப்புறமும் இருக்கணுமா? போதும்டா சாமி. இன்னொரு பெறப்பு வேணாம்னுதானே நான் விளக்கே போடறேன்" என்று சிரித்தார். கேட்காதவருக்கு ஒன்றைக் கொடுக்காமல் விடுவது தண்டனையா? அவர் கேட்டதும் அம்மா சொன்னதும் ஒரே இடத்துக்கான இரண்டு பெயர்கள் என்று சமாதானம் சொல்லலாம். இரண்டு பேருமே ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பாட்டியை மண்டாயில் எரித்தோம், சாம்பலைக் கடலில் கரைத்தோம். தன்னைப் புதைக்க வேண்டும் என்கிறார் அம்மா. சுவா சூ காங்கில் 15 வருஷம்தான், அப்புறம் தோண்டியெடுத்து எரித்துவிடுவார்கள். நித்திய இளைப்பாற்றிக்கும் இந்த ஊரில் குத்தகைக் கணக்குதான்.

போன நவம்பரில் கல்லறைத் திருநாள் பூசைக்காக அம்மா வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். இரண்டு அந்தோணிசாமிகளுக்கும் ஒரு மரியம்மாளுக்கும் நடுவில் பாட்டி பெயர். நரகத்தில் இருப்பவருக்காக ஜெபிக்க முடியாது என்பது அம்மாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"இனிஷியல் போடணுமா?" என்று மட்டும் கேட்டார்.