நடுவும் நடுநிலையும்

கொல்லிமலைக்குக் காமிராவோடு போகிறவர்களில் பலர் ஓர் ஏமாற்றத்தோடு இறங்குகிறார்கள். 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து போய், வெள்ளை வெளேரென்ற மூடுபனியைப் படம் பிடிக்கிறார்கள். படத்தில் பார்த்தாலோ பனி அழுக்குச் சாம்பலாக இருக்கிறது. அதே காமிராவைச் சாலையோரம் காயப் போட்டிருக்கும் மிளகின் மேல் நெருக்கமாகப் பிடித்தால், கறுத்த மிளகும் வெளிறிச் சாம்பலாகிவிடுகிறது. வெள்ளையும் கறுப்பும் ஒன்றாய்ப் போகிற இந்த விந்தை எப்படி நேர்கிறது?

காமிராவுக்குள் ஒளியை அளக்கும் மீட்டர் ஒன்று உண்டு. எதிரே இருப்பது பனியா, மிளகா என்று அதற்குத் தெரியாது. எதை எடுத்தாலும் மொத்தத்தில் அது நடுத்தரச் சாம்பலாகவே இருக்கும் என்பது அதன் கணக்கு. விழுகிற ஒளியில் நூற்றுக்கு 18 பங்கைத் திருப்பித் தரும் சாம்பல் என்று அதற்கு அளவும் சொல்வார்கள். இப்போது வரும் காமிராக்கள் முகங்களை அடையாளம் கண்டுகொண்டு கொஞ்சம் சாமர்த்தியம் காட்டுகின்றன. ஆனாலும் பனியின் முன்னே அவையும் தடுமாறத்தான் செய்கின்றன. இதற்காகவே டிஜிட்டல் காமிராவில் கூட்டல், கழித்தல் குறி போட்ட பொத்தான் ஒன்று இருக்கிறது. 'எக்ஸ்போஷர் காம்பன்ஸேஷன்' என்பார்கள். கூட்டல் ஒன்று வைத்தால் ஒளி இரு மடங்காகும். கழித்தல் ஒன்று வைத்தால் பாதியாகும். வெளுத்த பனிக்கு ஒளியைக் கூட்ட வேண்டும். கறுத்த மிளகுக்குக் கழிக்க வேண்டும். கேட்கத் தலைகீழாக இருக்கிறது, அல்லவா? ஆனால் அப்போதுதான் பனி பனியாகவும் மிளகு மிளகாகவும் வருகின்றன.

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி பிறக்கிறது. மீட்டர் யாருக்கும் ஓரவஞ்சனை செய்யவில்லை. எல்லாருக்கும் அதனிடம் ஒரே சட்டம்தான். அப்படியிருந்தும் அது சொல்வது பொய்யாகிறது. எல்லாரையும் ஒன்றுபோல் நடத்துவதே நியாயம் என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோமே, அது சரிதானா?

வள்ளுவர் நடுவு நிலைமைக்குத் துலாக்கோலை உவமையாகச் சொன்னார். எந்தப் பொருளும் இவ்வளவு எடைதான் இருக்கும் என்று துலாக்கோல் முன்கூட்டியே முடிவு கட்டுவதில்லை; தட்டில் வைத்த பிறகுதான் சாய்கிறது. மீட்டரோ பார்ப்பதற்கு முன்பே தீர்ப்பை எழுதி வைத்திருக்கிறது. அது பிடித்துக்கொண்டிருப்பது நடுவை; நடுநிலையை அல்ல.

அப்படியானால் மனிதன் கை வைத்துத் திருத்திவிட்டால் போதுமா? அடுத்த ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

செம்மேட்டுப் பக்கம் மிளகு உலர்த்திக்கொண்டிருந்த கிழவி ஒருத்தியை என்னுடன் வந்த இளைஞர் படம் எடுத்தார். மலையில் பிறந்து வெயிலில் உழைத்த கறுத்த மேனி அவளுக்கு. இளைஞர் கூட்டல் பக்கமாக இரண்டு தள்ளி வைத்துக்கொண்டார். "பாருங்க பாட்டி, எவ்வளவு செவப்பா இருக்கீங்க!" என்று திரையைக் காட்டினார். கிழவி உற்றுப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கா. யாரு சாமி இவ?" என்றாள்.

இந்த ஆசை அந்த இளைஞரோடு பிறந்ததல்ல. கலர் பிலிம் காலத்தில் அமெரிக்கக் கோடாக் கம்பெனி, படம் அச்சிடும் கூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பி வந்தது. அதில் இருந்தவள் ஒரு வெள்ளைக்காரப் பெண். 'ஷெர்லி அட்டை' என்று பெயர். அவள் மேனி சரியாக வந்தால் எல்லார் மேனியும் சரி என்று வைத்துக்கொண்டார்கள். கறுத்த முகங்கள் எத்தனையோ படங்களில் இருண்டு போயின. 1990-களில்தான் பல நிறத்துப் பெண்களும் சேர்ந்திருக்கும் அட்டை வந்தது.

மீட்டரின் பொய்க்கு அறியாமை காரணம். நம்முடைய பொய்க்கு ஆசை காரணம். இரண்டுக்கும் பொத்தான் என்னவோ ஒன்றுதான். எதிரே இருப்பதை நோக்கித் தள்ளினால் அது திருத்தம். நம் மனத்தில் இருப்பதை நோக்கித் தள்ளினால் வெறும் பூச்சு. டிஜிட்டல் படத்தில் இன்னொன்றும் உண்டு. இருண்ட இடத்தைப் பின்னால் ஓரளவு மீட்டுவிடலாம். அளவு மீறி வெளுத்துப்போன இடத்தில் மீட்டெடுக்க எதுவும் மிஞ்சுவதில்லை. அந்தக் கிழவியின் நெற்றிச் சுருக்கங்கள் அப்படித்தான் போயின.

வீட்டுக்கு வந்த மருமகளையும், வேலைக்காரியையும், வகுப்பின் கடைசி வரிசைப் பையனையும் நாம் தினந்தோறும் அளந்துகொண்டுதான் இருக்கிறோம். சில சமயம் ஒரு சராசரியைக் கையில் வைத்துக்கொண்டு நியாயம் என்கிறோம். சில சமயம் நமக்குப் பிடித்த நிறத்தைப் பூசிவிட்டுப் பரிவு என்கிறோம். இரண்டிலும் அந்த மனிதர் காணாமல் போய்விடுகிறார். கூட்ட வேண்டுமா, கழிக்க வேண்டுமா என்பது எதிரே நிற்கிறவரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது. அதற்குக் கொஞ்ச நேரம் கருவியைக் கீழே இறக்கி வைக்கத்தான் வேண்டும்.